திண்ணை இல்லாத வீடு

நம் முன்னோர் கட்டிய வீடுகளை உற்று நோக்கினால் அவற்றின் அமைப்பில் ஓர் ஒழுங்கு புலப்படும். தெருவை ஒட்டித் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் அதில் அமர்ந்து இளைப்பாறுவர். அவரை ஊரும் பேரும் வினவுவார் இலர். திண்ணையைக் கடந்தால் இடைகழி. பால் கொணர்பவரும் கடிதம் கொணர்பவரும் அதுவரை வருவர். அடுத்து முற்றமும் கூடமும் அமைந்திருக்கும். உறவினரும் நண்பரும் அங்கே அமர்ந்து உரையாடுவர். அவற்றிற்கும் அப்பால் உள்ளறை உண்டு. வீட்டு நகையும், நிலப் பத்திரங்களும், நோயுற்றார் படுக்கையும், பெற்றோர் தம்முள் பேசிக்கொள்ளும் கவலைகளும் அவ்வறைக்கே உரியன. யார் எதுவரை வரலாம் என்று எழுதி மாட்டிய பலகை எந்த வீட்டிலும் இருந்ததில்லை. எனினும் அதனை அறியாதவர் ஊரில் ஒருவரும் இலர்.

இவ்வொழுங்கினுள் சாதியின் பெயரால் சிலரைத் தெருவிலேயே நிறுத்திய கொடுமையும் கலந்திருந்தது. அதனை நான் மறந்துவிடவில்லை. அது ஒழிய வேண்டியதே. இங்கு யான் கருதுவது வேறு. ஒரு குடும்பத்தின் வாழ்வில் எல்லார்க்கும் உரியது ஒன்று, சிலர்க்கு உரியது ஒன்று, எவர்க்கும் உரியதன்று எனக் காக்கப்படுவது ஒன்று என்று படிகள் இருந்தன. அப்படிகளை ஒருவர் கடக்குமுன் வாயிலில் நின்று குரல் கொடுப்பார். உள்ளிருந்து விடை வரும்வரை காத்திருப்பார்.

இன்று நம்முள் பெரும்பாலோர் கையில் மற்றொரு வீடு இருக்கிறது. கைப்பேசியையே வீடு என்கிறேன். அதன் உள்ளே என்னென்ன உள்ளன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உறவினர், நண்பர், ஆசிரியர், கடைக்காரர் ஆகியோரின் எண்கள்; அக்காளின் திருமணப் படங்கள்; தந்தையாரின் வங்கிக் கணக்கு; பாட்டிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின் படம்; நண்பனுடன் பிணங்கிய நாளில் எழுதிய சுடுசொற்கள்; நேற்று எங்கெங்குச் சென்றோம், எவ்வளவு நேரம் நின்றோம் என்னும் குறிப்பு. இத்தனையும் கொண்ட இவ்வீட்டுக்குத் திண்ணையும் இல்லை, இடைகழியும் இல்லை. கதவு ஒன்று திறந்தால் வந்தவர் உள்ளறையிலேயே நிற்பார்.

இன்னும் ஒன்று உண்டு. இவ்வீட்டில் இருப்பன எல்லாம் நம் உடைமைகள் அல்ல. வெளியூர் செல்லும் அண்டை வீட்டார் தம் நகைப்பெட்டியை நம்மிடம் கொடுத்துச் செல்வதுபோல, பிறர் நம்மை நம்பித் தந்தவையே அவற்றுட் பல. இதனை நான் காலந்தாழ்த்தே உணர்ந்தேன். எவ்வாறு உணர்ந்தேன் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் ஒரு விளக்கின் வரலாற்றைக் கேளுங்கள். இப்போது கைப்பேசியை வாங்கும்போதே அதில் விளக்கும் அமைந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு பல கைப்பேசிகளில் விளக்கை எரிக்கத் தனிச்செயலி ஒன்றைத் தரவிறக்கம் செய்ய வேண்டியிருந்தது. அத்தகைய செயலிகளுள் ஒன்று ‘பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்’ என்பது. அதற்கு விலை இல்லை. கோடிக்கணக்கானோர் அதனைத் தம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நிறுவினர். இருட்டில் படியிறங்கவும், மின்சாரம் நின்றபோது தீப்பெட்டியைத் தேடவும் அது உதவியது. ஆனால் அச்செயலி, கைப்பேசி இருக்கும் இடத்தையும் அக்கைப்பேசிக்கே உரிய அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அமெரிக்க நாட்டின் வணிக ஆணையம் இதனை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் குற்றச்சாட்டை வெளியிட்டது. அதில் ஒரு செய்தி என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது. செயலியைத் திறந்ததும் ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டு பொத்தான்கள் தோன்றும். பயன்படுத்துவோர் இரண்டில் எதனையும் தொடுவதற்கு முன்னரே செய்திகள் வெளியே சென்றுகொண்டிருந்தனவாம். வாயிலில் நின்று, ‘வரலாமா?’ என்று கேட்பவரின் கையில் நம் பெட்டியின் சாவி முன்பே இருந்தால் அக்கேள்விக்கு என்ன பொருள்?

விளக்கு எரிப்பதற்கு நாம் இருக்கும் ஊர் எதற்கு? இவ்வினா எழுவது இயல்பே. விடை கடினமானது அன்று. விலையின்றித் தரப்படும் செயலிகளுட் பல விளம்பரத்தால் பொருள் ஈட்டுகின்றன. இன்ன ஊரில், இன்ன தெருவில், இன்ன வேளையில் இருப்பவர் என்று தெரிந்தால் அவர்க்கு ஏற்ற விளம்பரத்தைக் காட்டலாம். அதற்கு விளம்பரதாரர் கூடுதல் பொருள் தருவர். ஆகவே விளக்குக்கு வேண்டாதது விற்பனைக்கு வேண்டுவதாயிற்று.

அக்காலத்தில் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவும்போது, அது கேட்கும் அனைத்தையும் ஒருசேரத் தர வேண்டும். இல்லையேல் செயலியே வேண்டா என்று விட வேண்டும். 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆறாம் பதிப்பிலிருந்து அம்முறை மாறிற்று. இடம் அறியலாமா, படங்களைப் பார்க்கலாமா, எண்களைப் படிக்கலாமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கும் வழக்கம் வந்தது. நாமோ பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்போல, வினாவைப் படியாமலே ‘அனுமதி’ என்பதைத் தொட்டுவிடுகிறோம். நானும் அவ்வாறு தொட்டவனே.

‘என் பெயரை நான் எங்கும் கொடுக்கவில்லை, ஆதலின் எனக்கு என்ன கேடு வரும்?’ என்று சிலர் எண்ணுவர். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை அவர்கள் அறிதல் நன்று. ஏ.ஓ.எல். என்னும் இணைய நிறுவனம் ஆராய்ச்சியாளர்க்கு உதவும் எண்ணத்துடன் ஒரு பெரும் தொகுப்பை வெளியிட்டது. ஏறத்தாழ 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் மூன்று திங்களில் அந்நிறுவனத்தின் தேடுபொறியில் இட்ட 2 கோடி தேடற்சொற்கள் அதில் இருந்தன. பெயர்களை நீக்கி, ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இட்டிருந்தனர். பெயர் இல்லை ஆதலின் அச்சம் இல்லை என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். சில நாட்களிலேயே ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் செய்தியாளர்கள் அவ்வெண்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டனர். அவ்வெண்ணுக்கு உரியவர் தம் ஊரில் தோட்ட வேலை செய்வாரைத் தேடியிருந்தார். தம் குடும்பப் பெயர் கொண்ட சிலரைத் தேடியிருந்தார். வளர்ப்பு நாயின் தொல்லைக்கு மருந்து தேடியிருந்தார். இத்துணுக்குகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஒரு சிற்றூரில் வாழ்ந்த மூதாட்டியின் வீட்டு வாயிலில் சென்று நின்றனர். தம் தேடல்களை அவர்கள் படித்துக் காட்டக் கேட்ட அம்மூதாட்டி திடுக்கிட்டார்.

அம்மூதாட்டியின் கணக்கில் பலவகை நோய்களைப் பற்றிய தேடல்களும் இருந்தன. அவற்றைக் கண்டவர், ‘இவர்க்கு இத்தனை நோய்களா!’ என்று இரங்கியிருப்பர். உண்மை வேறு. தம் தோழியரின் நோய்களுக்காகவே அவர் பலவற்றைத் தேடியிருந்தார். தோழியர் அவரிடம் நம்பிக் கூறிய துன்பங்கள் அவர் வாயினின்று வரவில்லை; அவர் விரல்களின் வழியே வெளியே சென்றுவிட்டன. அவர் ஒரு பிழையும் செய்தார் அல்லர். அந்நிறுவனம் சில நாட்களிலேயே அத்தொகுப்பை நீக்கி, வருத்தமும் தெரிவித்தது. எனினும் அதற்குள் பலர் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். இணையத்தில் வெளிப்பட்டதை மீட்பது சிந்திய எண்ணெயை அள்ளுவது போன்றது.

நாம் எடுக்கும் நிழற்படமும் நாம் அறியாத செய்தியைச் சுமந்து செல்லக்கூடும். கைப்பேசியால் படம் எடுக்கும்போது, எடுத்த நாள், நேரம், கருவியின் வகை ஆகியவற்றோடு, எடுத்த இடத்தின் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் படத்தின் கோப்பிலேயே எழுதப்படுவது உண்டு. கண்ணுக்கு அவை தோன்றா. கணினிக்கு நஞ்சுநிரல் தடுக்கும் மென்பொருளை உருவாக்கிப் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபி என்பவர் 2012-ஆம் ஆண்டில் பெலீஸ் நாட்டுக் காவலர்க்கு அஞ்சி ஒளிந்து திரிந்தார். அவருடன் சென்ற ‘வைஸ்’ இதழாளர், டிசம்பர்த் திங்களில் அவர் படம் ஒன்றை இணையத்தில் வெளியிட்டனர். படத்தின் கோப்பில் இடக்குறிப்பு இருந்தது. அவர் குவாதமாலா நாட்டில் இருப்பதை உலகம் அறிந்தது. சில நாட்களில் அங்கே அவர் பிடிபட்டார். கணினிக் காவலையே தொழிலாகக் கொண்டவரை வேறொருவர் எடுத்த படம் காட்டிக்கொடுத்துவிட்டது! வாட்ஸ்அப் போன்ற செயலிகள் படத்தை அனுப்புகையில் இக்குறிப்பை நீக்கிவிடுகின்றன. அதே படத்தைக் கோப்பாக இணைத்து அனுப்பினால் குறிப்பும் உடன் செல்லும். கேமராவின் அமைப்புப் பக்கத்தில் இடக்குறிப்பை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. அதனை இன்றே பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

ஒருவர் குறிப்பு ஒன்றாக இருக்கும்போது அதற்குப் பொருள் இல்லாமல் இருக்கலாம். பலருடைய குறிப்புகள் ஓரிடத்தில் சேரும்போது எவரும் எதிர்பாராத பொருள் பிறக்கிறது. ஓடுவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் தாம் சென்ற வழியைக் குறித்துக்கொள்ள உதவும் ‘ஸ்ட்ராவா’ என்னும் செயலி, 2017-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் உலகப் படத்தை வெளியிட்டது. 100 கோடி ஓட்டங்களும் பயணங்களும் அதில் ஒளிக்கோடுகளாகத் தீட்டப்பட்டிருந்தன. பெருநகரங்கள் சுடர்விட்டன. அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அப்படத்தில் ஆப்கானிஸ்தானத்தையும் சிரியாவையும் நோக்கினார். இருண்ட பாலைநிலத்தின் நடுவே சிறுசிறு வட்டங்களும் கட்டங்களும் ஒளிர்ந்தன. அவை படைவீடுகள்! அங்கிருந்த வீரர் நாள்தோறும் மதிலோரம் ஓடி உடலைப் பேணியபோது, அவர்தம் மணிக்கட்டுக் கருவிகள் மதிலின் வடிவத்தையே வரைந்துவிட்டன. ‘நான் நாலு சுற்று ஓடினேன்’ என்பதற்கு மேல் எவரும் எதனையும் வெளியிட்டிலர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2018 ஆகஸ்டில், போர்முனைப் பகுதிகளில் இடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்தலாகாது என ஆணையிட்டது.

இவை யாவற்றினும் பேரளவில் நிகழ்ந்தது பேஸ்புக் வழியே நிகழ்ந்ததாகும். கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அலெக்சாண்டர் கோகன் என்னும் உளநூல் ஆய்வாளர், 2013-ஆம் ஆண்டில் பேஸ்புக்கில் ஒரு வினாநிரலை அமைத்தார். தம் இயல்பை அறிந்துகொள்ளும் ஆவலால் ஏறத்தாழ 3 லட்சம் பேர் அதனை ஏற்றனர். ஏற்றவர்களுடைய செய்திகளை மட்டுமன்றி, அவர்தம் நண்பர்களுடைய செய்திகளையும் செயலிகள் எடுத்துக்கொள்ள அந்நாளில் பேஸ்புக்கின் விதிகள் இடந்தந்தன. அவ்வாறு திரண்டவை ‘கேம்பிரிட்ஜ் அனலிடிகா’ என்னும் தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்றன. 2018-ஆம் ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்து, அமெரிக்க நாளேடுகள் இதனை வெளிப்படுத்தின. எத்தனை பேருடைய செய்திகள் சென்றிருக்கக்கூடும் என்று பேஸ்புக்கே கணக்கிட்டுச் சொன்னது: 8 கோடியே 70 லட்சம் பேர் வரை. நம் நாட்டுக் கணக்கையும் அந்நிறுவனம் வெளியிட்டது. இந்தியாவில் அச்செயலியை நிறுவினோர் 335 பேர். அவர்களையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியோர் 5,62,455 பேர்.

இவ்விரண்டு எண்களையும் அருகருகே எழுதி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுத்துப் பார்த்தால் ஒருவர்க்கு ஏறத்தாழ 1,680 பேர் வருகின்றனர். அந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரை எவரும் கேட்கவில்லை. நண்பர் எனப்பட்ட ஒருவர் ஒரு பொத்தானைத் தொட்டார், அவ்வளவே. பேஸ்புக் தன் விதியை 2014, 2015-ஆம் ஆண்டுகளில் மாற்றிக்கொண்டது. 2019-இல் அமெரிக்க வணிக ஆணையம் அந்நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தது. சென்ற செய்திகளோ சென்றவையே.

இந்த வரலாற்றை வகுப்பில் கூறும்போதெல்லாம் அந்த 335 பேரைச் சற்றுக் கடிந்தே பேசி வந்தேன். அவர்களுள் ஒருவனாக நிற்கும் நிலை எனக்கும் வந்தது.

எங்கள் வீட்டுச் சன்னல் ஒன்று பழுதுற்றபோது எங்கள் ஊர்த் தச்சர் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தேன். ஒரு வாரத்தில் முடிப்பதாகக் கூறியவர் நான்கு வாரம் கடத்தினார். மழைக்காலம், சன்னலுக்குச் சாக்கைக் கட்டி ஒப்பேற்றினோம். எனக்குச் சினம் மூண்டது. என் கைப்பேசியில் வேறு ஒரு தச்சரின் எண்ணும் இருந்தது. இருவரையும் வேறுபடுத்தி அறிய, இவர் பெயரை அழித்துவிட்டுப் ‘புளுகுத் தச்சர்’ என்று எழுதிவைத்தேன். அது என் கைப்பேசி. அச்சொல் என் மனத்தாங்கல். பிறர் அறிய வேண்டும் என்று நான் கருதியதே இல்லை. மரக்கடையில் தேக்கு வாராமையே தாமதத்திற்குக் காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. சன்னலும் நன்றாக அமைந்தது. கூலியையும் கொடுத்தேன். எழுதிய சொல்லை மாற்ற மட்டும் மறந்துவிட்டேன்.

அதற்குச் சில திங்களுக்குப்பின், புதிய எண்ணிலிருந்து அழைப்பவர் யார் என்று காட்டும் செயலி ஒன்றை நிறுவினேன். கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று நாள்தோறும் வரும் அழைப்புகளுக்கு அஞ்சியே அதனை நாடினேன். ‘உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?’ என்று அது கேட்டது. அனுமதித்தேன். அறியாத எண்ணின் உரிமையாளர் பெயர் அச்செயலிக்கு எங்கிருந்து தெரிகிறது என்று நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. என் போன்றோர் தத்தம் கைப்பேசிகளில் எழுதிவைத்த பெயர்களைத் திரட்டித்தான் அது பிறர்க்குக் காட்டுகிறது.

ஒருநாள் பள்ளியின் ஆசிரியர் அறையில் புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர் என்னிடம், “வீட்டுக் கதவு வேலைக்கு நல்ல தச்சர் கிடைக்கவில்லை, ஐயா. கடைக்காரர் சொன்னார் என்று நேற்று ஒருவர் அழைத்தார். நல்லவேளை, அவர் யார் என்பதைக் கைப்பேசியே காட்டிவிட்டது. நான் எடுக்கவில்லை” என்று கூறி நகைத்தார். திரையையும் என்னிடம் நீட்டினார். ‘புளுகுத் தச்சர்’ என்று இருந்தது.

அவ்விரு சொற்களையும் அவ்வெண்ணுக்கு எதிரே எழுதியவர் உலகில் வேறு எவரும் இருக்க முடியாது. எனினும் அன்று நான் வாய் திறக்கவில்லை. என்னை நல்லவன் என்று கருதும் இளைஞர் முன் அதனை ஒப்புக்கொள்ள நாணம் தடுத்தது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் கைப்பேசியில் அப்பெயரை மாற்றினேன், செயலியையும் நீக்கினேன். மறுநாள் மனைவியின் கைப்பேசியில் பார்த்தேன். அவளும் அச்செயலியை வைத்திருந்தாள். அந்த எண்ணை இட்டதும் அதே சொற்கள் தோன்றின. என் கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கினாலும், அச்செயலியின் கணினிக்குச் சென்றது நீங்காது என்பதை அப்போதே அறிந்தேன். அதன் விதிகளை முதன்முறையாகப் பொறுமையுடன் படித்தேன். ஓர் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமாயின், அவ்வெண்ணுக்கு உரியவரே விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை இட வேண்டும். தச்சரிடம் செல்லாமல் இது முடியாது.

செல்வதற்கு எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்நாட்களில் இது பற்றிச் சட்டம் யாது கூறுகிறது என்று தேடினேன். சட்டத்தின் பின்னே ஒளிந்துகொள்ளலாம் என்னும் எண்ணமும் உள்ளூர இருந்திருக்கலாம்.

1962-ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றத்தின் முன் காரக் சிங் என்பாரின் வழக்கு வந்தது. உத்தரப் பிரதேசக் காவலர் அவரை ஐயுற்று, இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பும் வழக்கத்தை மேற்கொண்டிருந்தனர். இரவில் அவ்வாறு வீடு புகுதல் தகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அந்தரங்கம் என்பது அரசியலமைப்பு உறுதியளித்த உரிமை அன்று என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி 2012-இல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே. அத்தீர்ப்புக்குப்பின் 2023-இல் நாடாளுமன்றம் மின்னணுத் தனிமனிதத் தரவுகளைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. அதற்குரிய விதிகள், படிப்படியே நடைமுறைக்கு வருமாறு, 2025 நவம்பரில் வெளியாயின. பதினெட்டு வயது நிரம்பாதவரின் தரவுகளைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆகவே, மாணவர்களே, அது உங்களை நேரே தொடும் சட்டமாகும்.

நான் தேடியது அதே சட்டத்தின் மற்றொரு பிரிவில் இருந்தது. தனியொருவர் தம் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ வைத்திருக்கும் குறிப்புகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. இது தக்க விதியே. தம்பியின் எண்ணை எழுதிவைக்க அரசின் விதியைப் பார்த்துக்கொண்டிருக்க இயலுமா? நிறுவனம் தவறினால் கேட்பதற்குச் சட்டம் உண்டு. என் கைப்பேசியில் பிறரை நான் எப்பெயரால் எழுதினேன், அதனை எவர்க்குத் திறந்துவிட்டேன் என்பதை என்னைத் தவிரக் கேட்பார் இல்லை. இவ்விடத்தை எட்டியதும் புத்தகத்தை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

தச்சர் தம் பட்டறையில் கதவுப் பலகை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க, வாத்தியாரையா. சன்னல் மறுபடியும் இறுகுகிறதா?” என்று கேட்டார். “சன்னல் நன்றாக இருக்கிறது. நான் வந்தது வேறு காரியம்” என்றேன். மரச்சுருள்களை ஒதுக்கி என்னை உட்கார வைத்தார். நடந்த அனைத்தையும் சொன்னேன். எழுதிய சொல்லையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நாலைந்து மாதமாகப் புது ஆட்கள் போனை எடுப்பதே இல்லை. எடுத்தாலும், ‘வேண்டாம்’ என்று வைத்துவிடுகிறார்கள். காலம் கெட்டுக்கிடக்கிறது என்று நினைத்திருந்தேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “இன்னும் எத்தனை பேர் போனில் அப்படி வருமோ, ஐயா?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. “எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் கைப்பேசியிலேயே அந்த விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். கடவுச்சொல் வந்ததும், அதனை என்னிடம் படித்துக் காட்ட முற்பட்டார். “எண்ணை எவரிடமும் சொல்ல வேண்டா; என்னிடமும் சொல்ல வேண்டா. நீங்களே இடுங்கள்” என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மரத்தூள் படிந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக இட்டார். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவும், ஒரு நாளில் எண் நீக்கப்படும் என்றும் திரையில் எழுத்துகள் தோன்றின. புதிய ஆசிரியரிடம் அன்று மாலையே சென்று உண்மையைச் சொல்வதாகக் கூறினேன். அவ்வாறே சொன்னேன். அவர் வீட்டுக் கதவுகளுள் இரண்டை இத்தச்சரே செய்தார். மூன்றாவதை அதற்குள் வேறொருவர் செய்துவிட்டிருந்தார்.

பட்டறையை விட்டு நான் எழுந்தபோது அவர் என்னை நிறுத்தி, “இப்போது உங்கள் போனில் என் பெயரை எப்படிப் போட்டிருக்கிறீர்கள்?” என்று வினவினார். எடுத்துக் காட்டினேன். தாய் தந்தையர் அவர்க்கு இட்ட பெயர் மட்டும் இருந்தது. அதனைத் தம் வாய்க்குள் ஒருமுறை படித்துக்கொண்டு இழைப்புளியைக் கையில் எடுத்தார்.